மேசை மேல் ஓர் இடம்

ஆசிரியரின் மேசை சிறியது. அதன் மேல் அமர்ந்திருக்கும் பொறுப்போ பெரியது. வணிகரின் மேசையைப் பார்த்தால் அவர் விற்கும் பொருள் தெரியும். மருத்துவரின் மேசையைப் பார்த்தால் அவர் தொழிலின் கருவி தெரியும். ஆசிரியரின் மேசையைப் பார்த்தால் தெரியவேண்டியது மாணவனின் ஏடு. அந்த ஏட்டை வைப்பதற்கு இடமில்லாமல் போகும் நாளில், அம்மேசை எத்துணை விலையுயர்ந்த மரத்தால் செய்யப்பட்டதாயினும் தன் பெயரை இழந்துவிடுகின்றது.

தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் பயின்று இன்று ஐம்பது வயதைக் கடந்து நிற்போர்க்குப் பழைய ஆசிரியர் மேசை நன்கு நினைவிருக்கும். நீண்ட ஒரே கூடத்தில், இடையே தடுப்பில்லாமல், இரண்டு மூன்று வகுப்புகள் அருகருகே நடந்த காலம் அது. மேசை மேல் ஒரு வருகைப் பதிவேடு, ஒரு சுண்ணக்கட்டிப் பெட்டி, ஒரு சிவப்பு மைப் பேனா, அச்சமூட்டுவதற்கென்றே ஒரு பிரம்பு. எஞ்சிய இடமெல்லாம் பயிற்சி ஏடுகள். பெயர் சொல்லி அழைத்ததும் மாணவன் சென்று ஆசிரியரின் வலப்பக்கத்தில் நிற்பான். அவர் படிப்பார், பிழையின் மேல் பேனா நிற்கும், மாணவனின் கண்ணும் அங்கேயே நிற்கும். ஒரு சொல் கேள்வி, ஒரு சொல் விடை, அதன் பிறகே சிவப்புக் கோடு விழும். அந்தக் கோடு தாளில் விழுந்ததைவிட மாணவனின் நெஞ்சில் விழுந்ததே ஆழமானது.

பின்னர்க் கணினி வந்தது. தொடக்கத்தில் அது பெரிய கண்ணாடிக் குழாயைத் தன்னுள் அடக்கிய கனத்த பெட்டியாக இருந்தது. ஒருவர் தனியே தூக்கினால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும். அதற்கென்று தனி மேசை, தனி மூலை, சில பள்ளிகளில் குளிரூட்டிய தனி அறையே ஒதுக்கினார்கள். அதனால் ஆசிரியரின் மேசை தப்பியது. அதன் பிறகு திரை மெலிந்தது. மெலிந்ததனால் ஆசிரியரின் மேசைக்கே குடிவந்தது. முதலில் விருந்தினராக வந்து, பிறகு குடும்பத்தில் ஒருவராகி, இறுதியில் தலைவராகவே அமர்ந்துவிட்டது.

அதற்குக் காரணமும் உண்டு. மாணவர் வருகை, பள்ளிக் கடிதங்கள், மேலிடத்து அறிக்கைகள் எல்லாம் படிப்படியாகக் கணினிக்கு மாறின. ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிவந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டு நீக்கப்பட்டது. ஒரு நாள் தேர்வுக்கு மாற்றாக ஆண்டு முழுவதும் வகுப்பறையிலேயே மாணவனை மதிப்பிடும் முறைக்கு முதன்மை வந்தது. ஒன்று முதல் ஆறு வரையிலான அடைவுநிலைகளுள் ஒவ்வொரு பிள்ளையும் எந்நிலையில் நிற்கிறான் என்று பதியவேண்டும். நோக்கம் நல்லது என்பதில் ஐயமில்லை. பிள்ளையை அருகில் இருந்து அறியவேண்டும் என்பதே அதன் உட்பொருள். ஆயினும், பிள்ளையை அறிந்ததைப் பதிவதற்கு வந்த திரை, பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் நடுவே நின்றுவிட்டால் என் செய்வது?

சிலாங்கூர் மாநிலத்தில், ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்து பின்னர் வீடமைப்புப் பகுதியாக மாறிவிட்ட ஓரிடத்தில் ஒரு தமிழ்ப்பள்ளி. அங்கே ஒரு துணைத் தலைமையாசிரியர். பணி ஓய்வுக்கு இன்னும் சில ஆண்டுகளே உள்ளவர். அலுவலகப் பொறுப்புகளோடு ஐந்தாம் ஆண்டுக்குத் தமிழும் கற்பித்துவந்தார். அவருடைய மேசை 120 சென்டிமீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது. அதன் நடுவே 24 அங்குலத் திரை. திரைக்கு முன் விசைப்பலகை. இடப்புறம் சுற்றறிக்கைக் கோப்புகள், வலப்புறம் அச்சுப்பொறி. மாணவர்களின் கட்டுரை ஏடுகள் நாற்காலியின் அருகே, தரையில், ஓர் அட்டைப் பெட்டியில் இருந்தன. தற்காலிகமாக அங்கே வைத்ததாகத்தான் அவர் எண்ணம். அந்தத் தற்காலிகத்துக்கு இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன.

ஒரு நாள் இடைவேளையில் மாணவன் ஒருவன் ஏட்டோடு வந்தான். மெலிந்த உடல், வயதுக்கு மீறிய அமைதி. ஆசிரியர் அன்றைக்குள் முடிக்கவேண்டிய பதிவில் மூழ்கியிருந்தார். திரைக்கு அப்பால் ஒரு பிள்ளை நிற்பது அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. சிறிது நேரம் நின்ற பின், “ஐயா, இதை எங்கே வைக்கட்டும்?” என்று ஒரு குரல் மட்டும் கேட்டது. “கீழே பெட்டியில் வைப்பா” என்றார் அவர், விரல்களை நிறுத்தாமலே. மாணவன் குனிந்து வைத்துவிட்டுச் சென்றான். மணி அடித்தது.

அந்த ஏட்டை அவர் திறந்தது இரண்டு வாரங்களுக்குப் பிறகு. கட்டுரைத் தலைப்பு, ‘என் வீட்டில் எனக்குப் பிடித்த இடம்’. மற்றப் பிள்ளைகள் தொலைக்காட்சிக் கூடத்தையும் பூந்தொட்டி வைத்த முன்வாசலையும் பற்றி எழுதியிருந்தார்கள். இவன் தன் தாயின் தையல் இயந்திரத்தைப் பற்றி எழுதியிருந்தான். அடுக்குமாடியில் சிறிய வீடு, மேசை இல்லை. தாய் பகலெல்லாம் துணி தைப்பவர். இரவு ஒன்பது மணிக்கு இயந்திரத்தைத் துடைத்து, அதன் தலையைச் சாய்த்துப் பலகைக்குள் இறக்கி, மேலே மூடியைப் போட்டுவிடுவார். உடனே அது மேசையாகிவிடும். “அம்மா எனக்காக மிஷினைத் தூங்க வைப்பார். அப்போது அது என் மேசை. அதன் மேல் வெலிச்சம் நன்றாக இருக்கும்” என்று எழுதியிருந்தான். ‘வெளிச்சம்’ என்பதில் ளகரம் லகரமாகியிருந்தது. அதே பிழை முந்திய இரண்டு கட்டுரைகளிலும் இருந்தது. இரண்டிலும் சிவப்புக் கோடும் இருந்தது. கோடு போட்டும் பயனில்லை. ஏனெனில் போடும்போது பிள்ளை அருகில் இல்லை.

ஆசிரியர் ஏட்டை மூடவில்லை. நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பழைய மிதிகட்டைத் தையல் இயந்திரங்களை அறிந்தவர்கள் அந்த அமைப்பை அறிவார்கள். மலாயா நாட்டு வீடுகளில் ‘சிங்கர்’ என்றே அவற்றுக்குப் பெயர். கீலில் பொருத்திய இயந்திரத்தின் தலை பின்னுக்குச் சாய்ந்து பலகைக்குள் அடங்கிவிடும். தொழில் முடிந்ததும் கருவி ஒதுங்கவேண்டும். ஒதுங்கிய இடத்தில் வாழ்க்கை நடக்கவேண்டும் என்று அந்தக் காலத்துத் தச்சனுக்கும் தெரிந்திருந்தது. படிப்பறிவு அதிகமில்லாத ஒரு தாய் அதை நாள்தோறும் செய்கிறார். பயிற்சிக் கல்லூரியில் பயின்று முப்பது ஆண்டுகள் கற்பித்த ஓர் ஆசிரியரின் மேசையில், கருவி ஒரு நாளும் ஒதுங்கியதில்லை. பிள்ளையின் ஏடுதான் தரைக்கு ஒதுங்கியது. இந்த எண்ணம் அவரைச் சுட்டது.

பெரிய மேசை வாங்கலாமா என்று முதலில் எண்ணினார். அறை அதற்கு இடம் தரவில்லை. திரையைக் குறுமேசை ஒன்றுக்கு மாற்றலாமா என்று பார்த்தார். மின்கம்பிகள் நடைபாதையைக் குறுக்கிட்டன. அப்போதுதான், கணினி பழுதுபார்க்கும் தொழில் செய்யும் முன்னாள் மாணவர் ஒருவர், “ஐயா, திரையைத் தூக்கிப் பிடிக்க ஒரு கை இருக்கிறது. அதை மாட்டிவிட்டால் மேசை காலியாகிவிடும்” என்றார். கடைகளில் அதை ‘மானிட்டர் ஆர்ம்’ என்பார்கள். தாங்குகரம் என்று தமிழில் சொன்னால் அதன் தொழில் விளங்கிவிடும்.

தாங்குகரத்தின் அமைப்பு எளிது; அதன் பின்னுள்ள அறிவு அரிது. மேசையின் விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் ஒரு பிடி. அதன் மேல் ஒரு தூண். தூணிலிருந்து புறப்படும் இரு பகுதிக் கரம். கரத்தின் நுனியில் திரையைத் தாங்கும் தகடு. தோள், முழங்கை, மணிக்கட்டு என்னும் மூன்று மூட்டுகளும் மனிதக் கையில் உள்ளவாறே அதிலும் உண்டு. திரையை முன்னே இழுக்கலாம், பின்னே தள்ளலாம், உயர்த்தலாம், தாழ்த்தலாம், பக்கவாட்டில் திருப்பலாம். விட்ட இடத்தில் அது நிற்கும்.

விட்ட இடத்தில் நிற்பதுதான் வியப்பு. நீட்டிய கையில் ஒரு வாளித் தண்ணீரைப் பிடித்துப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். கை கிடையாக நீண்டிருக்கும்போது பாரம் அதிகமாக இழுக்கும். மேலே உயரும்போதோ கீழே தாழும்போதோ இழுப்பு குறையும். மாறிக்கொண்டே இருக்கும் இந்த இழுப்புக்கு ஈடுகொடுக்க ஒரு சுருள்வில்லைப் பூட்டி, எல்லா நிலையிலும் சமன் காணச் செய்தவர் இங்கிலாந்து நாட்டு மோட்டார் வண்டிப் பொறியாளர் ஜார்ஜ் கார்வர்டைன். 1932ஆம் ஆண்டு அவர் இந்தச் சமன் முறையில் ஒரு மேசைவிளக்கை அமைத்தார். ‘ஆங்கிள்பாய்ஸ்’ என்ற பெயரில் ஹெர்பர்ட் டெரி என்னும் சுருள்வில் நிறுவனத்தார் அதைச் செய்து விற்றனர். விரல் நுனியால் தொட்டு நகர்த்தினால் நகரும். விட்டால் அங்கேயே நிற்கும் விளக்கு அது. இன்று திரையைத் தாங்கும் கரம் அந்த விளக்கின் வழித்தோன்றல் எனலாம். சிலவற்றில் உலோகச் சுருள்வில் இருக்கும். சிலவற்றில் அழுத்தப்பட்ட வளி அடைத்த உருளை அதன் வேலையைச் செய்யும். கரத்தில் மேலும் கீழுமாக இணையாகச் செல்லும் இரு தண்டுகள் ஓர் இணைகரத்தை ஆக்குவதால், கரம் உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் திரையின் முகம் சாய்வதில்லை. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்கு வடிவியல் கற்பிக்கும்போது காட்டத்தக்க நல்ல எடுத்துக்காட்டு இது.

எந்த நிறுவனத்தின் திரையை எந்த நிறுவனத்தின் கரத்தில் மாட்டுவது என்ற குழப்பத்துக்கும் வழி உண்டு. ‘வெசா’ என்ற சங்கம் வகுத்த அளவு ஒன்று இருக்கின்றது. திரையின் முதுகில் நான்கு திருகுத் துளைகள் சதுரமாக அமைந்திருக்கும். ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் இடையே 75 மில்லிமீட்டர் அல்லது 100 மில்லிமீட்டர். மேசை மேல் வைக்கும் திரைகளுள் பெரும்பாலானவற்றில் இவ்விரண்டுள் ஒன்று இருக்கும். சில மலிவான திரைகளில் துளையே இருப்பதில்லை. ஆகவே கரத்தை வாங்கப் போகுமுன் திரையைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்துக்கொள்வது அறிவுடைமை. அடுத்துப் பார்க்கவேண்டியது எடை. ஆசிரியரின் திரை, காலைக் கழற்றியபின், மூன்று கிலோவுக்குச் சற்று மேல். அவர் வாங்கிய கரம் 2 கிலோ முதல் 9 கிலோ வரை தாங்கும் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தது. அளவுக்கு மேல் ஏற்றினால் கரம் தொங்கிவிடும். அளவுக்குக் குறைந்தால் திரை தானே மேலெழும்பும். இரண்டும் தொல்லையே.

ஒரு சனிக்கிழமைக் காலை முன்னாள் மாணவர் கருவிப்பையோடு வந்தார். மேசையின் பலகை மரத்தூளை அழுத்திச் செய்தது. பிடியை நேராக இறுக்கினால் பலகை நசுங்கும் என்று சொல்லி, அடியில் ஒரு துண்டு மெராந்திக் கட்டையும் மேலே ஓர் இரும்புத் தகடும் வைத்து அழுத்தத்தைப் பரப்பினார். மேசை சுவரை ஒட்டியிருந்தது. கரம் மடங்கும்போது அதன் முழங்கை பின்னால் நீளும். அதற்கு இடம் வேண்டும் என்று மேசையை ஒரு சாண் முன்னுக்கு நகர்த்தினார்கள்.

அவர் திருகுகளைத் தேடிக்கொண்டிருந்த இடைவேளையில், ஆர்வம் மிகுந்த ஆசிரியர் கரத்தைக் கட்டியிருந்த நெகிழி நாடாவைக் கத்தரித்துவிட்டார். மடங்கிக் கிடந்த கரம் சீறிக்கொண்டு எழுந்தது. சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டி கீழே விழுந்தது. ஆசிரியரின் மூக்குக் கண்ணாடி மயிரிழையில் தப்பியது. “ஐயா, திரையை மாட்டும் முன் கரத்தை அவிழ்க்கவே கூடாது. சுமை இல்லாவிட்டால் அது அடங்காது” என்றார் மாணவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. ஆசிரியரும் சிரித்தார். வலிமை இருந்தும் சுமக்க ஒன்றும் இல்லாத பிள்ளைகள் வகுப்பில் ஏன் துள்ளுகிறார்கள் என்பதற்கு முப்பது ஆண்டுகளாகத் தேடிய விளக்கம் அன்று கிடைத்ததாகப் பின்னர்ச் சக ஆசிரியர்களிடம் சொன்னார்.

அதன் பிறகு வேலை முறைப்படி நடந்தது. கரத்தை மெல்ல அழுத்தித் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, நான்கு திருகுகளால் திரையைத் தகட்டோடு இணைத்தார்கள். கையை எடுத்ததும் திரை மெல்ல மேலேறியது. வில்லின் இழுப்பு மிகுதி என்பது அதன் பொருள். அறுகோண முனையுடைய திருகுகோலால் சில சுற்றுகள் தளர்த்தியதும் ஏறாமலும் இறங்காமலும் நின்றது. கம்பிகளைக் கரத்தின் அடியிலுள்ள கவ்விகளில் செருகினார்கள். மூட்டுகள் இருக்கும் இடங்களில் மட்டும் சற்றுத் தளர்வாக விட்டார்கள். இல்லையேல் கரத்தை நீட்டும்போது கம்பி தெறித்துவிடும்.

திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில் அல்லது அதற்குச் சற்றுக் கீழே இருக்கவேண்டும். கண்ணுக்கும் திரைக்கும் இடையே ஒரு கையின் நீளமாவது இருக்கவேண்டும் என்பது பொது விதி. ஆசிரியர் அப்படியே வைத்தார். இரண்டு நாளில் கழுத்து வலித்தது. அவர் அணிந்திருந்தது எட்டப்பார்வைக்கும் கிட்டப்பார்வைக்கும் ஒரே சட்டத்தில் இரு பகுதிகள் கொண்ட கண்ணாடி. அதன் கீழ்ப்பகுதி வழியே திரையைப் பார்ப்பதற்காக அவர் தம்மை அறியாமலே தலையை அண்ணாந்து வைத்திருந்தார். திரையை நான்கு விரற்கிடை தாழ்த்தியதும் வலி நின்றது. ஐம்பதைக் கடந்த ஆசிரியப் பெருமக்கள் இதை மனத்தில் கொள்ளுதல் நலம். பொது விதி எல்லார்க்கும் பொருந்துவது. தக்க உயரம் அவரவர் கழுத்துக்குப் பொருந்துவது.

கிடைத்த இடம் எவ்வளவு? ஆசிரியர் அளவுகோல் வைத்தே அளந்தார். திரை 54 சென்டிமீட்டர் நீளம். அதன் கால் அமர்ந்திருந்த ஆழம் 22 சென்டிமீட்டர். காலின் இருபுறமும் பின்புறமும் எதையும் வைத்து எடுக்க முடியாத இடமாகவே இருந்தது. ஆக 1,188 சதுர சென்டிமீட்டர். மேசையின் பரப்பு 7,200. ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு! நிலவரியாக மன்னர்க்குக் கொடுத்த பழைய பங்கை இத்தனை நாள் திரைக்குக் கொடுத்துவந்ததாக அவர் வேடிக்கையாகச் சொன்னார். அதற்கு மேலும் ஒரு பயன் இருந்தது. உயர்ந்த திரையின் அடியில் விசைப்பலகையைத் தள்ளி வைத்துவிட்டால், மேசையின் முன்பகுதியும் வெறுமையாகிவிடும். விரித்து வைத்த பயிற்சி ஏட்டுக்கு வேண்டியது ஒன்றரைச் சாண் அகலமும் ஒரு சாண் நீளமும்தான். அவ்வாறு இரண்டு ஏடுகளை அருகருகே விரிக்கலாம்.

இந்தக் கதை இங்கேயே முடிந்திருந்தால் கருவியின் வெற்றிக் கதையாக இருந்திருக்கும். ஆனால் வெற்றிடத்தைக் கண்டால் கோப்புகளுக்குக் கால் முளைத்துவிடும். முதல் நாள் ஒரு சுற்றறிக்கை வந்து அமர்ந்தது. மறுநாள் விளையாட்டுப் போட்டிக்கான பெயர்ப்பட்டியல் துணைக்கு வந்தது. பின்னர்ப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தின் அறிக்கை, நூல்நிலையக் கணக்கு, யாரோ வைத்துச் சென்ற தேநீர்க் குவளை. பத்து நாள் கழிந்தது. திரை உயரத்தில் நின்றது. மேசை பழைய மேசையாகவே ஆகிவிட்டது. ஏடுகள் இன்னும் அட்டைப் பெட்டியில்.

பதினோராம் நாள் இடைவேளையில் அந்த மாணவன் மீண்டும் வந்தான். இம்முறை ஆசிரியர் அவனைக் கண்டார். திரை பக்கவாட்டில் ஒதுங்கியிருந்ததால் வாயிற்படியில் அவன் கால் வைத்தபோதே கண்டார். அவன் மேசையைப் பார்த்தான். பிறகு, எவரும் சொல்லாமலே, பழகிய ஒருவனைப் போலத் தரையை நோக்கிக் குனிந்தான். அந்தக் குனிவு ஆசிரியரின் நெஞ்சில் தைத்தது. எவரும் கேட்காத ஒரு கேள்விக்குத் தாம் இரண்டு ஆண்டுகளாகச் சொல்லிவந்த விடை அது என்பதை உணர்ந்தார்.

“நில்லுப்பா” என்றார். எழுந்து, கோப்புகளை இரண்டு கைகளாலும் வாரி அலமாரியில் வைத்தார். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். “உட்கார். ஏட்டை இங்கே வை” என்றார். மாணவன் தயங்கி அமர்ந்தான். துணைத் தலைமையாசிரியரின் அறையில் மாணவர்கள் நின்றுதான் பழக்கம்.

ஏடு விரிந்தது. இம்முறையும் ஓரிடத்தில் ‘வெலிச்சம்’ இருந்தது. ஆசிரியர் பேனாவைத் திறக்கவில்லை. “இந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்” என்றார். சொன்னான். “நாக்கு எங்கே தொடுகிறது?” என்றார். மாணவன் மீண்டும் சொல்லிப் பார்த்தான். மேல்பல்லின் பின்புறம் தொடுவதாகச் சொன்னான். “அது லகரம். நாக்கை மடித்து மேலண்ணத்தைத் தொட்டுச் சொல்.” இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை சரியான ஒலி வந்தது. வந்ததும் அவனுக்கே வியப்பு, சிரித்துவிட்டான். தானே பேனாவை வாங்கி லகரத்தை அடித்து ளகரம் எழுதினான். அரை நிமிட வேலை. மூன்று சிவப்புக் கோடுகள் செய்யாததை அந்த அரை நிமிடம் செய்தது. பிழையைத் தாளில் காண்பது ஒன்று. அது பிறக்கும் இடத்தில் காண்பது வேறொன்று. பிறக்கும் இடத்தில் காண வேண்டுமானால் பிள்ளை அருகில் இருக்கவேண்டும். பிள்ளை அருகில் இருக்க வேண்டுமானால் அவன் ஏட்டுக்கு ஓர் இடம் இருக்கவேண்டும்.

அன்று மாலையே ஆசிரியர் ஒரு வேலை செய்தார். மேசையின் வலப்புற முன்பகுதியில், ஒன்றரைச் சாணுக்கு ஒரு சாண் அளவில், பச்சை நிறத் துணி விரிப்பு ஒன்றை ஒட்டினார். அதன் மேல் எந்தக் கோப்பும் வரக்கூடாது. எவ்வளவு அவசரமான கடிதமாயினும் வரக்கூடாது என்று அலுவலகக் கிராணியிடமும் சொல்லிவிட்டார். பிள்ளைகள் அதற்குத் தாமே ‘நம்ம இடம்’ என்று பெயர் வைத்தார்கள். இடைவேளை மணி அடித்ததும் ஆசிரியர் திரையைச் சுவர்ப்பக்கம் தள்ளுவார். பதிவு வேலை பாதியில் நின்றாலும் தள்ளுவார். நாளொன்றுக்கு நான்கைந்து பிள்ளைகள் வந்து அமர்வார்கள். சுழற்சி முறையில் வகுப்பின் எல்லாப் பிள்ளைகளுக்கும் முறை வந்தது. அட்டைப் பெட்டி மறுபயனீட்டுக்குச் சென்றது.

இதனால் எல்லாம் மாறிவிட்டதாகச் சொல்வது மிகை. பதிவு வேலை ஒரு வரிகூடக் குறையவில்லை. இடைவேளையில் விட்டதை மாலையில் முடிக்கவேண்டியிருந்தது. சில நாள் விரிப்பின் மேல் சுற்றறிக்கை ஏறவே செய்தது, கண்ட பிள்ளை எவராவது, “ஐயா, நம்ம இடம்” என்பார்கள், அது இறங்கும். ஆனால் மாணவர்களின் அடைவுநிலையைப் பதியும்போது ஆசிரியரின் விரல்களுக்கு முன்பில்லாத உறுதி வந்தது. எண்ணைப் பதியும்போது அதற்குரிய முகம் நினைவுக்கு வந்தது. திரை ஒதுங்கியதால் திரையில் பதிந்ததும் மெய்யாயிற்று.

திருக்குறளின் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. அவை நாடாளும் வேந்தனை நோக்கிச் சொன்னவை. மேசையாளும் ஆசிரியருக்கும் அவை பொருந்தும். எவ்வளவு பாரத்தை எது தாங்கும் என்பதை அறிதல் வலியறிதல். எப்பொழுது கருவியை முன்னே இழுப்பது, எப்பொழுது ஒதுக்குவது என்பதை அறிதல் காலமறிதல். ஒதுக்கிக் கிடைத்த இடம் யாருக்கு உரியது என்பதை அறிதல் இடனறிதல். முதலாவதைக் கருவியின் பெட்டி மேல் அச்சிட்டிருக்கிறார்கள். மற்ற இரண்டையும் எந்தக் கடையிலும் விற்பதில்லை.

இன்றைய ஆசிரியர் மேசைகளில் திரை இல்லாதிருக்க முடியாது, இருக்கவும் வேண்டும். நாளை அதனினும் புதிய கருவி ஒன்று வரும்; அதுவும் மேசையில் இடம் கேட்கும். ஒவ்வொரு கருவியும் வரும்போது அதற்குரிய தாங்குகரம் ஒன்றையும் தேடிக்கொள்ளவேண்டும். தேடிப் பொருத்திய பின், கிடைத்த இடத்தில் கோப்பு வந்து அமர்வதற்குள் பிள்ளையை அழைத்து அமர்த்தவேண்டும். பயிற்சிக் கல்லூரியிலிருந்து புதிதாக வெளிவரும் இளம் ஆசிரியர்கள் தங்கள் மேசையை முதன்முதலாக ஒழுங்குபடுத்தும் நாளில், எல்லாவற்றுக்கும் முன்பாக ஓர் ஏட்டை விரித்து வைத்து, அதைச் சுற்றி மற்றவற்றுக்கு இடம் பார்ப்பார்களானால், அதுவே நல்ல தொடக்கமாகும்.

ஆண்டு இறுதியில் பெற்றோர்கள் பள்ளிக்கு வரும் நாளன்று, அந்த மாணவனின் தாயும் வந்தார். மேசையின் எதிரே அமர்ந்து மகனின் ஏட்டைப் பச்சை விரிப்பின் மேல் வைத்துப் புரட்டினார். ஒதுங்கி நின்ற திரையையும் அதைத் தாங்கிய கரத்தையும் பார்த்தார். கையால் மெல்லத் தொட்டு, அது நகர்வதையும் நிற்பதையும் கண்டார். “எங்கள் வீட்டு மிஷின் மாதிரியே இருக்கிறதே, ஐயா” என்றார்.

“அங்கிருந்துதான் அம்மா கற்றுக்கொண்டோம்” என்றார் ஆசிரியர்.